ராஷ் மாடல் பொருந்துகிறதா, இல்லையா? ஒரே தரவு, இரண்டு அளவுகோல், இரண்டு பதில்

#1 கணக்கு மேசை

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணித வினாத்தாள் திருத்தி முடிந்ததும் கேள்விகளை அலசுவது என் பொறுப்பு. இந்த முறை 40 கேள்விகள், எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. எழுதியவர்கள் 3000 பேர். ராஷ் மாடலை ஓட்டிப் பார்த்தேன். மாணவரின் திறனும் கேள்வியின் கடினமும் மட்டுமே சரியாகப் போடும் வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன என்று வைத்துக்கொள்ளும் மாடல் அது.

வந்தது இதுதான். இன்ஃபிட், அவுட்ஃபிட் இரண்டும் ஒரு கேள்வி மாடலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் எண்கள், ஒன்று என்றால் எதிர்பார்த்தபடி. இன்ஃபிட் எல்லாக் கேள்விகளுக்கும் 0.86 முதல் 1.17 வரை. அவுட்ஃபிட் பெரும்பாலும் ஒன்றை ஒட்டி இருக்கிறது. 12ஆம் கேள்விக்கு மட்டும் 1.46. கடைசி மூன்று கேள்விகளுக்கு 1.3 பக்கம். மாடலும் தரவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஒட்டுமொத்த கை-ஸ்கொயர் சோதனையின் பி-மதிப்பு, அதாவது மாடல் சரியென்றால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு, பூஜ்யம்.

என் சிக்கல் என்னவென்றால், 0.7 முதல் 1.3 வரை சரி என்று ஒரு விதியைப் படித்தேன். அதன்படி என் இன்ஃபிட் 40க்கு 40 தேறிவிட்டது. வேறோர் இடத்தில், எத்தனை பேர் எழுதினார்களோ அதைப் பொறுத்து வரம்பு மாறும், 2ஐ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து ஒன்றோடு கூட்டியும் கழித்தும் பார்க்க வேண்டும் என்று படித்தேன். 3000 பேருக்கு அது 0.96 முதல் 1.04 வரை. அதன்படி பாதிக்கு மேல் கேள்விகள் அடிபடுகின்றன. மேலிடத்தில் கேட்பதோ "மாடல் பொருந்துகிறதா, இல்லையா, ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று. நான் எதை எழுதுவது?

#2 எச்சம்

ஒட்டுமொத்த கை-ஸ்கொயரை முதலில் ஓரமாக வையுங்கள் சார். அது உங்கள் தரவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றும் சரி அல்லது தவறு. அப்படியானால் விடைகள் அமையக்கூடிய வரிசைகள் 2இன் 40ஆவது அடுக்கு, அதாவது கிட்டத்தட்ட 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி. அத்தனை கட்டங்களில் உங்களிடம் இருப்பது 3000 பேர். ஏறக்குறைய எல்லாக் கட்டமும் காலி. ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஓரளவு இருந்தால்தான் கை-ஸ்கொயர் அட்டவணை செல்லும். இங்கே அந்த எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். அதனால் அந்த பி-மதிப்பு பூஜ்யமாக வந்தாலும் ஒன்றாக வந்தாலும் பொருளில்லை.

இதை 1970இல் போக்கும் லீபர்மனும் அலசிய எல்சாட் (அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு) தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5 கேள்விகள், 1000 பேர், மொத்தம் 32 கட்டம்தான். ஐந்தும் சரியாகப் போட்டவர்கள் 298 பேர், ஐந்தும் தவறவிட்டவர்கள் 3 பேர். அங்கே கட்டம் கட்டமாக ஒப்பிடலாம். 40 கேள்விகளில் அது நடக்காது.

அதற்குப் பதில் எம்2 என்று ஒரு சோதனை இருக்கிறது. மைதேயு ஒலிவாரெஸும் ஜோவும் 2005இலும் 2006இலும் எழுதியது. முழு விடை வரிசையையும் பார்க்காமல், தனித்தனிக் கேள்விகளையும் இரண்டிரண்டு கேள்விகளாகச் சேர்ந்த ஜோடிகளையும் மட்டும் பார்க்கும். உங்களுக்கு 40 தனி, 780 ஜோடி, ஆக 820 எண்கள். அவை ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் இருப்பதால் சோதனை செல்லுபடியாகும். அதிலிருந்து வரும் ஆர்எம்எஸ்ஈஏவையும் பாருங்கள். எவ்வளவு விலகல் என்று அது சொல்லும். விலகல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் 3000 பேரில் எப்போதுமே "இருக்கிறது" என்றுதான் பதில் வரும்.

#3 புதுமாணவி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். இன்ஃபிட், அவுட்ஃபிட் இரண்டும் எச்சத்தின், அதாவது கிடைத்த விடைக்கும் மாடல் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தின், வர்க்கத்திலிருந்துதான் வருகின்றன என்று புரிகிறது. அப்புறம் ஏன் இரண்டு? ஒன்று போதாதா?

இன்னொன்று, தமிழில் எழுதும்போது "மாதிரி" என்றால் சாம்பிளா மாடலா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

#4 எச்சம்

அதனால்தான் இங்கே பலரும் மாடல் என்றே எழுதுகிறோம் தங்கச்சி. மாதிரி என்றால் சாம்பிள். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் "மாதிரிக்கு மாதிரி பொருந்துகிறதா" என்று ஆகிவிடும்.

இன்ஃபிட் விஷயத்தைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு எளிய கேள்வி, 200 பேர் எழுதினார்கள். அதில் ஒரு கெட்டிக்கார மாணவி. அவள் சரியாகப் போட வாய்ப்பு 0.99 என்கிறது மாடல். ஏதோ கவனக்குறைவில் தவறவிட்டாள். எச்சம் கழித்தல் 0.99. அதன் வர்க்கத்தை அந்த இடத்தின் மாறுபாட்டால், அதாவது 0.99 × 0.01ஆல் வகுத்தால் 99 வரும்.

அவுட்ஃபிட் என்பது இந்த எண்களின் வெறும் சராசரி. 200 பேரில் இவள் ஒருத்தியே 99 வகுத்தல் 200, கிட்டத்தட்ட 0.5ஐக் கூட்டிவிடுகிறாள். ஒன்றாக இருக்க வேண்டியது ஒன்றரையாகிறது, ஒரே ஆளால்.

இன்ஃபிட் வேறு மாதிரி. எச்ச வர்க்கங்களை எல்லாம் கூட்டி, மாறுபாடுகளின் கூட்டுத்தொகையால் வகுக்கும். சராசரி மாறுபாடு 0.15 என்றால் 200 பேருக்கு 30. இவள் சேர்ப்பது 0.98 வகுத்தல் 30, வெறும் 0.03. கேள்வியின் கடினத்துக்கு அருகில் திறன் உள்ளவர்கள்தான் இன்ஃபிட்டைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். தொலைவில் இருப்பவர்களின் அதிசயங்கள் அவுட்ஃபிட்டில் தெரியும்.

அதனால் அவுட்ஃபிட் மட்டும் ஏறினால், நடுவில் இருப்பவர்களிடம் சிக்கல் இல்லை, ஓரங்களில் ஏதோ நடக்கிறது என்று படிக்கலாம். கணக்கு மேசை சார், உங்கள் 12ஆம் கேள்வியில் அவுட்ஃபிட் 1.46. 3000 பேரில் ஒருவரால் இது வராது. மேல் ஓரமா கீழ் ஓரமா என்று பார்த்தீர்களா?

#5 வளைகோடு

கடைசி மூன்று கேள்விகளுக்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். நான்கு விடைத் தேர்வு என்றால் குருட்டாம்போக்கில் போட்டாலே நாலில் ஒரு பங்கு சரியாகும். ராஷ் மாடலுக்கு அது தெரியாது. திறன் குறைந்த ஒருவர் கடினமான கேள்வியைச் சரியாகப் போட வாய்ப்பு 0.05 என்று அது சொல்லும். உண்மையில் 0.25. சரியாகப் போட்டால் மாறுபாட்டால் வகுத்த வர்க்க எச்சம் 19, தவறினால் 0.05. நாலில் ஒரு பங்கு 19, முக்கால் பங்கு 0.05, சேர்த்தால் சராசரி 4.8 பக்கம். அப்படிப்பட்டவர்கள் பத்தில் ஒருவர் இருந்தாலே அவுட்ஃபிட் 1.3ஐத் தாண்டும்.

என் கருத்து, ராஷைப் பிடித்துத் தொங்க வேண்டாம். 1968இல் பிர்ன்பாம் 2பிஎல், 3பிஎல் மாடல்களை விளக்கியது இதற்காகத்தான். கெட்டிக்காரரையும் மற்றவரையும் பிரித்தறியும் திறன் கேள்விக்குக் கேள்வி மாறும், அதை 2பிஎல் சேர்க்கும். ஊகத்துக்கும் இடம் வேண்டும், அதை 3பிஎல் சேர்க்கும். டிம்ஸ் என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வு நான்கு விடைக் கேள்விகளுக்கு 3பிஎல்தான் பயன்படுத்துகிறது. 15 வயது மாணவர்களுக்கான பன்னாட்டுத் தேர்வான பீசாகூட 2012 வரை ராஷில் இருந்துவிட்டு 2015இல் 2பிஎல்லையும் சேர்த்துக்கொண்டது.

#6 நேர்கோடு

வளைகோடு அண்ணா, உங்களோடு மரியாதையோடு மாறுபடுகிறேன்.

ஜார்ஜ் ராஷ் 1960இல் முன்வைத்தது தரவின் பின்னால் ஓடும் மாடல் இல்லை. இரண்டு மாணவர்களை ஒப்பிடும்போது எந்தக் கேள்வியைக் கொண்டு ஒப்பிட்டோம் என்பது விடையை மாற்றக் கூடாது. அதுதான் அவர் கேட்டது. அந்த நிபந்தனையில்தான் மொத்த மதிப்பெண்ணே திறனைப் பற்றிய எல்லாத் தகவலையும் தாங்கும். கணக்கு மேசை சாரின் தேர்வில் மாணவர் கையில் கிடைக்கப்போவது 40க்கு இத்தனை என்ற எண்தானே? 2பிஎல்லில் அதே 24 வாங்கிய இருவருக்கு வேறு வேறு திறன் வரும். எந்த 24 என்பதைப் பொறுத்து. அதை ஒரு பெற்றோருக்கு எப்படி விளக்குவீர்கள்?

பொருந்தாத கேள்வி வந்தால் உடனே மாடலுக்கு ஓர் அளபுருவை, அதாவது மதிப்பிட வேண்டிய இன்னோர் எண்ணை, சேர்ப்பது எளிது. ஆனால் அந்தக் கேள்வியில் என்ன கோளாறு என்று யாரும் எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். எனக்கு அதுதான் பயம்.

#7 வளைகோடு

பயம் நியாயமானதுதான். ஆனால் எடை ஒன்றே என்று வைத்துக்கொள்வதும் ஒரு முடிவுதான். நல்ல கேள்விக்கும் மழுங்கிய கேள்விக்கும் ஒரே மதிப்பு கொடுப்பது எல்லா நேரமும் நியாயம் ஆகிவிடாது. 3பிஎல்லிலும் தொல்லை இருக்கிறது, மறுக்கவில்லை. எளிய கேள்விகளுக்கு அடிமட்ட ஊக அளவை மதிப்பிட அங்கே போதிய ஆட்களே இருக்க மாட்டார்கள், எண் எங்கேயாவது போய் நிற்கும்.

சரி, தரவிடமே கேட்போம். சார், 2பிஎல்லையும் ஓட்டி வித்தியாசத்தைப் போடுங்கள்.

#8 கணக்கு மேசை

ஓட்டினேன். ராஷில் 41 அளபுருக்கள், 2பிஎல்லில் 80. டீவியன்ஸ், அதாவது தரவிலிருந்து மாடல் விலகும் அளவு, 410 குறைந்தது. கூடுதல் அளபுருக்களுக்கு அபராதம் போட்டு மாடல்களை ஒப்பிடும் பிஐசி கணக்குப்படி ஒவ்வொரு கூடுதல் அளபுருவுக்கும் 3000இன் இயல் மடக்கை (லாக்), அதாவது 8, கொடுக்க வேண்டும். 39க்கு 312. ஆக 2பிஎல் வென்றுவிட்டது.

ஆனால் இன்னும் என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது. 0.7 முதல் 1.3 வரையா, 0.96 முதல் 1.04 வரையா?

#9 எச்சம்

இரண்டும் இல்லை, இரண்டும்தான்.

0.7 முதல் 1.3 என்பது அனுபவத்தில் வந்த வரம்பு. எத்தனை பேர் எழுதினார்கள் என்பதே அதில் இல்லை. 100 பேருக்குத் தற்செயலாகவே 1.2 வரலாம், 3000 பேருக்கு வராது. ஆக உங்களுக்கு அது ரொம்பத் தளர்வு. 2 வகுத்தல் வர்க்கமூலம் என்பது தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பதை மட்டும் சொல்கிறது. 3000 பேரில் எந்தச் சின்ன விலகலும் தற்செயல் இல்லை என்று அது சரியாகவே சொல்லும். அந்த விலகல் பொருட்படுத்தத் தக்கதா என்று அதற்குத் தெரியாது. அதே விலகலோடு ஆட்களைப் பத்து மடங்காக்கினால் கை-ஸ்கொயரில் அந்த விலகலால் வரும் பகுதியும் பத்து மடங்காகும். கேள்வி மாறவில்லை, எண் மட்டும் பெருத்துவிட்டது.

நான் செய்வது இது. நீங்கள் மதிப்பிட்ட கடின அளவுகளையும் திறன் பரவலையும் எடுத்துக்கொண்டு, ராஷ் மாடல் உண்மையாக இருந்தால் வரக்கூடிய 3000 × 40 தரவைக் கணினியில் உருவாக்குங்கள். அதை மறுபடி மதிப்பிட்டு இன்ஃபிட், அவுட்ஃபிட் எடுங்கள். இதை 200 தடவை. ஒவ்வொரு கேள்விக்கும் அதற்கே உரிய வரம்பு கிடைக்கும். மிக எளிய கேள்வியின் அவுட்ஃபிட் எவ்வளவு விரிந்து ஆடுகிறது என்று அப்போது கண்ணால் பார்ப்பீர்கள். எந்தக் கேள்வி தற்செயலைத் தாண்டியது என்பதற்கு அதுவே போதும்.

அப்புறம், தாண்டிய கேள்விகளை ஒவ்வொன்றாக வரைபடமாகப் பாருங்கள். மாணவர்களை மொத்த மதிப்பெண் வரிசையில் பத்துக் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் சரியாகப் போட்டவர்களின் விகிதத்தை மாடல் கோட்டின் மேல் புள்ளியாக வையுங்கள். ஏன் மொத்த மதிப்பெண்? மாடலே மதிப்பிட்ட திறனால் பிரித்தால், சோதிக்கப்படும் மாடலை வைத்தே கூட்டம் பிரித்ததாகிவிடும். 2000இல் ஆர்லாண்டோவும் திஸ்ஸனும் கேள்விவாரியாகப் பொருத்தம் பார்க்கும் எஸ்-எக்ஸ்2 சோதனையை மொத்த மதிப்பெண்ணின் மேல் கட்டியது இதனால்தான். 40 கேள்விகளை 5 சதவீத வரம்பில் சோதித்தால் இரண்டு சும்மாவே அடிபடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

#10 பத்திக்கேள்வி

எல்லாரும் ஒன்றுக்கு மேல் போனதையே பேசுகிறீர்கள். 0.86 யாருடையது?

இன்ஃபிட் குறைந்தால் பலர் விட்டுவிடுவார்கள், "ரொம்ப நன்றாகப் பொருந்துகிறது" என்று. அது பொருத்தம் இல்லை. எதிர்பார்த்த அளவு தற்செயல்கூட இல்லை என்று பொருள். பெரும்பாலும் இரண்டு கேள்விகள் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

#11 கணக்கு மேசை

31, 32, 33, 34. நான்கும் 0.86இலிருந்து 0.89 வரை. நான்கும் ஒரே அட்டவணையைப் பார்த்து விடை எழுதும் கேள்விகள்! இதை நான் நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

#12 பத்திக்கேள்வி

அதேதான். அட்டவணையைச் சரியாகப் படித்தவர் நான்கையும் போட்டிருப்பார், தலைப்பைத் தவறாகப் படித்தவர் நான்கையும் விட்டிருப்பார். மாடலோ நான்கும் தனித்தனிச் சாட்சிகள் என்று நம்புகிறது. ஒரே ஆள் நான்கு முறை சொன்னதை நான்கு பேர் சொன்னதாக எண்ணுகிறது. விளைவு, மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்று சொல்லும் நம்பகத்தன்மை எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும், மாணவரின் மதிப்பெண்ணில் உள்ள பிழை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். தேர்ச்சிக் கோட்டின் அருகில் நிற்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

யென் 1984இல் சொன்ன க்யூ3ஐக் கணக்கிடுங்கள். மாடல் விளக்கியது போக மீதமுள்ள எச்சங்களுக்குள் ஜோடி ஜோடியாக ஒட்டுறவு பார்ப்பது. இதில் எல்லாரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒட்டுறவே இல்லாவிட்டாலும் க்யூ3 பூஜ்யமாக இருக்காது, சற்று எதிர்மறையாக இருக்கும். 40 கேள்விகளுக்கு கழித்தல் 1 வகுத்தல் 39, அதாவது கழித்தல் 0.026 பக்கம். 0.2 என்ற வழக்கமான கோட்டை வெறுமனே பிடிக்காமல் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள்.

#13 கணக்கு மேசை

இரண்டு நாள் ஆகிவிட்டது, ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது.

க்யூ3: அட்டவணைக் கேள்விகளின் ஆறு ஜோடிகளும் 0.24 முதல் 0.33 வரை. மற்ற பெரும்பாலான ஜோடிகள் பூஜ்யத்தை ஒட்டி. அடுத்து மேலே நிற்பவை 38, 39, 40. விடைத்தாளைப் பார்த்தால் இந்த மூன்றிலும் தொடர்ந்து காலியாக விட்டவர்கள் நிறைய. நேரம் போதவில்லை. காலியை நான் தவறு என்று எண்ணியிருந்தேன். மூன்றும் சேர்ந்தே காலியானதால் மூன்றும் சேர்ந்தே "தவறு". மேலே இருந்த அவுட்ஃபிட்டுக்கு ஊகம் ஒரு காரணம், இது இன்னொன்று. நன்றாக எழுதிக்கொண்டு வந்து நேரம் தீர்ந்துபோனவர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆனால் 12ஆம் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. எச்சம் சார் சொன்னபடி பத்துக் கூட்டமாகப் பிரித்தேன், கூட்டத்துக்கு 300 பேர். சரியாகப் போட்டவர்கள் அடிக்கூட்டத்தில் 0.31, ஐந்தாவதில் 0.64, எட்டாவதில் 0.77. ஒன்பதாவதில் 0.72. கடைசியில், அதாவது மிகச் சிறந்த 300 பேரில், 0.57. மாடல் அங்கே 0.91 எதிர்பார்க்கிறது.

கேள்வி இது:

"ஒரு செவ்வகத்தின் நீளம் இருமடங்காக்கப்பட்டால் அதன் பரப்பளவு என்னவாகும்? அ. இருமடங்காகும் ஆ. நான்கு மடங்காகும் இ. மாறாது ஈ. சொல்ல முடியாது"

விடைக் குறிப்பில் இருப்பது அ. மேல் கூட்டத்தின் 300 பேரில் 118 பேர் ஈ போட்டிருக்கிறார்கள். ஏன் என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அகலம் மாறவில்லை என்று கேள்வியில் எங்கேயும் இல்லை!

#14 நேர்கோடு

இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த 118 பிள்ளைகளும் கேள்வியை எழுதியவரைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார்கள். அதற்கு நாம் கொடுத்தது பூஜ்யம்.

இன்ஃபிட் 1.17 என்று 0.7 முதல் 1.3க்குள் போட்டு மூடியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. 2பிஎல்லை ஓட்டி நிறுத்தியிருந்தாலும் வந்திருக்காது, இந்தக் கேள்விக்குக் குறைந்த சரிவு, அதாவது மெதுவாக ஏறும் கோடு, ஒன்றைக் கொடுத்துவிட்டு மாடல் நகர்ந்திருக்கும்.

#15 வளைகோடு

உண்மை, இதில் நீங்கள் சொன்னதுதான் சரி. மேலே போய்க் கீழே இறங்கும் கோட்டை 2பிஎல்லும் வரைய முடியாது, 3பிஎல்லும் வரைய முடியாது. ராஷ் உட்பட மூன்றிலுமே கோடு ஏறியே ஆக வேண்டும்.

சார், 12ஐ எடுத்துவிட்டு, அட்டவணைக் கேள்விகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, 36 கேள்விகளோடு இரு மாடலையும் மறுபடி ஒப்பிடுங்களேன். 38 முதல் 40 வரை தொடர்ந்து காலியாக விட்டதை, கடின அளவை மதிப்பிடும்போது மட்டும், கேட்கப்படாத கேள்வியாக வையுங்கள். டிம்ஸிலும் அப்படித்தான். கேள்வியின் அளபுருக்களை மதிப்பிடும்போது எட்டாத கேள்விகளைக் கொடுக்காததாகவும், மதிப்பெண் கணக்கில் தவறாகவும் எடுத்துக்கொள்கிறார்கள்.

#16 கணக்கு மேசை

செய்தேன். இப்போது 2பிஎல்லால் டீவியன்ஸ் 205 குறைகிறது. கூடுதல் அளபுரு 35, பிஐசிக்குக் கொடுக்க வேண்டியது 280. ராஷ் வென்றது. அளபுருவுக்கு 2 மட்டுமே கேட்கும் ஏஐசி மட்டும் இன்னும் 2பிஎல் பக்கம், அதற்கு 70 தாண்டினால் போதும்.

#17 வளைகோடு

அப்படியானால் முதலில் 2பிஎல் வென்றதில் பெரும்பகுதி அந்த நான்கு அட்டவணைக் கேள்விகளின் செயற்கையான செங்குத்துச் சரிவாலும், 12இன் கோணலாலும் வந்தது. மீதி 205இல் உண்மையான சரிவு வேறுபாடு ஓரளவு இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணைத்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் ராஷோடு இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

#18 புதுமாணவி

ஒரு சந்தேகம். ராஷ் பொருந்திவிட்டால் தேர்வு நல்ல தேர்வு என்று சொல்லலாமா?

#19 எச்சம்

கூடாது. மிக முக்கியமான கேள்வி இது.

3000 பேரும் நாணயத்தைச் சுண்டி விடை எழுதினார்கள் என்று வைத்துக்கொள். அந்தத் தரவுக்கு ராஷ் மாடல் கச்சிதமாகப் பொருந்தும். எல்லாருக்கும் ஒரே திறன், எல்லாக் கேள்விக்கும் ஒரே கடினம், திறன் பரவலின் மாறுபாடு பூஜ்யம், அவ்வளவுதான். இன்ஃபிட் எல்லாம் ஒன்று. தேர்வு எதையும் அளக்கவில்லை.

இன்ஃபிட்டும் அவுட்ஃபிட்டும் கேள்விகளை ஒன்றுக்கொன்று ஒப்பிடுபவை. எல்லாக் கேள்விகளும் ஒரே அளவுக்கு மழுங்கியிருந்தால் ஒன்றுகூடப் பிடிபடாது. அதனால் பொருத்தத்தோடு நம்பகத்தன்மையையும், திறன் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாடத்தில் அளக்க நினைத்ததைத்தான் கேள்விகள் அளக்கின்றனவா என்பது இன்னொரு வேலை, அதை எந்தப் பொருத்த எண்ணும் உனக்குச் செய்துதராது.

#20 பத்திக்கேள்வி

சார், அந்த நான்கையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. சேர்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் உள்ள ஒரே கேள்வியாக்குங்கள். மாஸ்டர்ஸ் 1982இல் கொடுத்த பகுதி மதிப்பெண் மாடல், ராஷ் குடும்பம்தான். மாணவரின் மொத்த மதிப்பெண் மாறாது, பிழைக் கணக்கு மட்டும் நேர்மையாகும்.

அதோடு மொழி, பாலினம் போன்ற பிரிவுகளுக்கு இடையே கேள்வி ஒருபக்கம் சாய்கிறதா என்று மான்டெல்-ஹென்செல் சோதனையை ஓட்டிவிடுங்கள். ஒட்டுமொத்தமாகப் பொருந்திய கேள்விகூட ஒரு பிரிவுக்கு மட்டும் கடினமாக இருக்கலாம். இரு மொழியில் அச்சிட்ட தாள் என்றால் கண்டிப்பாக.

#21 கணக்கு மேசை

எல்லாம் முடிந்து அறிக்கை கொடுத்துவிட்டேன். என்ன எழுதினேன் என்று இங்கே வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

அட்டவணைக் கேள்விகளைச் சேர்த்ததும் நம்பகத்தன்மை 0.88இலிருந்து 0.86க்கு இறங்கியது. இறங்கிய எண்ணைத்தான் அறிக்கையில் போட்டேன். மான்டெல்-ஹென்செலில் பெரிய சாய்வு எதுவும் வரவில்லை. பிறகு, ராஷ் திறன் மதிப்பை வைத்தும் 2பிஎல் திறன் மதிப்பை வைத்தும் தேர்ச்சிக் கோட்டை வரைந்து பார்த்தேன். 3000 பேரில் 41 பேருக்கு மட்டும் முடிவு மாறுகிறது. 41 பேரும் கோட்டிலிருந்து ஒரு திட்டப் பிழைக்குள், அதாவது மதிப்பீடு வழக்கமாக ஆடும் அளவுக்குள், இருப்பவர்கள். அவர்களின் விடைத்தாள்களை மறுபடி ஒருவர் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

"பொருந்துகிறதா, இல்லையா" என்ற ஒரே வரி கேட்டார்கள் அல்லவா? "35 கேள்விகளுக்குப் போதுமான அளவு பொருந்துகிறது, நான்கு கேள்விகள் ஒன்றாக எண்ணப்பட வேண்டியவை, ஒரு கேள்வி பிழையானது, கடைசி மூன்று கேள்விகளுக்கு நேரம் போதவில்லை" என்று எழுதினேன். ஒரு வரிதான், கொஞ்சம் நீளம்.

#22 எச்சம்

மூன்று 35க்குள்ளேயே அடங்குகின்றன, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மற்றபடி இதைவிட நல்ல வரி எனக்கு எழுதத் தெரியாது.

12க்கு மதிப்பெண் என்ன ஆனது?

#23 கணக்கு மேசை

35க்குள் அந்த மூன்றும் சேர்த்தி என்று திருத்தி அனுப்பிவிட்டேன், நன்றி.

12க்கு அ, ஈ இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். கீழ்க்கூட்டத்தில் ஊகத்தில் ஈ போட்டவர்களுக்கும் அது கிடைக்கும், தெரியும். அதற்காகச் சரியாக யோசித்தவர்களிடமிருந்து எடுக்க முடியாது என்று வாதாடினேன். கடின அளவைக் கணக்கிடும் வேலையிலிருந்து மட்டும் கேள்வியை விலக்கிவிட்டோம்.

#24 நேர்கோடு

கேள்வியை எழுதியவரிடம் சொல்லிவிட்டீர்களா?

#25 கணக்கு மேசை

வரைபடத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தக் கடைசிப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து "அகலம் மாறாமல்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்து வினா வங்கியில் திரும்ப வைத்திருக்கிறார். அடுத்த முறை அந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்று வந்து சொல்கிறேன்.